அன்சுவின் காது

அன்சு பாஜி ஒரு பொய் சொன்னான். ஊர் அதை நம்பிவிட்டது. அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

சொன்ன இடம் அவனுடைய சைக்கிள் கடை. நான்கு கம்பு, மேலே ஒரு தகரம், பின்னால் ஒரு முந்திரி மரம். அதற்குப் பெயர் கடை. எங்கள் ஊர் ஜிலங்கோரில் மணல் பாதை அதிகம், முள் அதிகம், ஆகவே பஞ்சரும் அதிகம். பகல் முழுக்க டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பான். வெயில் இறங்கியதும் கரி அடுப்பை மூட்டித் தேநீர் போடுவான். தேநீருக்கு ஆள் சேரும். ஜனாதிபதித் தேர்தல் வந்துகொண்டிருந்தது. ஆள் சேர்ந்தால் வேறு என்ன பேசுவார்கள்?

வாலி ஜூஃப்தான் ஆரம்பித்துவைத்தான். வாலி செரேர் இனத்துக்காரன், ஆற்றில் மீன் பிடிப்பவன். அன்சு ஜோலாக்காரன். எங்கள் பக்கம் செரேரும் ஜோலாவும் எதிரெதிரே வந்தால் ஒருவரையொருவர் 'அரிசிப்பானை', 'அடிமை' என்று வைதுகொண்டே ஆக வேண்டும். அது உறவுமுறை. வைதவன் சொந்தக்காரன், கோபப்பட்டவன் கெட்டவன்.

"என்ன அரிசிப்பானை, இந்தத் தடவையும் பள்ளிக்கூட வாசல்ல மணி கட்டப் போறியா?" என்றான் வாலி.

"என்னை விட்டா யாரு இருக்கா?"

"அதானே. சைக்கிள் மணிக்குக் கோவணம் கட்டுற உத்தியோகம். லேசுப்பட்டதா?"

சுற்றி இருந்தவர்கள் தேநீர் சிந்தச் சிரித்தார்கள்.

எங்கள் நாட்டில் ஓட்டு என்றால் கோலி. கையில் ஒரு கோலிக்குண்டைக் கொடுத்து மறைப்புக்குள் அனுப்புவார்கள். உள்ளே கட்சிக்கு ஒரு நிறமாகத் தகரப் பீப்பாய்கள் நிற்கும். பிடித்த நிறத்தின் மேலிருக்கும் குழாயில் கோலியைப் போட்டால், அது உள்ளே மணியில் பட்டு 'டிங்' என்று கேட்கும். ஆளுக்கு ஒரு 'டிங்'. இரண்டு கேட்டால் தகராறு. அதனால் தேர்தல் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் சைக்கிள் மணி அடிக்கக் கூடாது. வருகிற சைக்கிளையெல்லாம் நிறுத்தி மணிக்குத் துணி சுற்றிவிடுவது அன்சுவின் வேலை.

கோவணம் என்ற வார்த்தை அவனைச் சுட்டுவிட்டது. ஆனால் கோபப்பட முடியாது. அதனால் பெருமை பேசினான்.

"சிரிங்க, சிரிங்க. எத்தனை தேர்தலா அந்த வாசல்ல உக்காந்திருக்கேன். உள்ள கோலி விழுந்தா எந்தப் பீப்பாய்னு வெளியில இருந்தே சொல்லிடுவேன்."

"எப்படி? மூக்கால மோந்தா?"

"காதால. ஆரஞ்சு மணி 'டிங்'னு கேக்கும். ஊதா மணி 'டிண்'ணு கேக்கும். மணி விஷயத்தை என்கிட்ட பேசாத."

"அப்ப போன தடவை நான் எதுல போட்டேன், சொல்லு."

அன்சு தேநீரின் இரண்டாவது கொதியைக் கண்ணாடித் தம்ளரில் ஆற்றிக்கொண்டே, வாய்க்கு வந்ததைச் சொன்னான். "ஊதா."

வாலியின் தம்ளர் பாதி வழியில் நின்றது. "அட அடிமைப் பயலே" என்றான், மெதுவாக.

மற்றவர்கள் சிரிக்கவில்லை. சிரிப்பு நின்ற அந்த நொடியில்தான் அன்சு மாட்டினான். அது அவனுக்குத் தெரியாது. சர்க்கரை போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

*

மறுநாள் காலை அவன் மனைவி தீடா அறுப்புக்குப் போனாள்.

பாலைக் காற்று இறங்கிவிட்டிருந்தது. வானம் சாம்பல் நிறம், உதட்டில் வெடிப்பு, வாய்க்குள் புழுதி. ஆற்றோரச் சதுப்பில் நெல் முற்றி நின்றது. எங்கள் பெண்கள் அரிவாள் போட்டு அள்ளி அறுப்பதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் கத்தியால் ஒவ்வொரு கதிராகக் கொய்வார்கள். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். வாய் அதுபாட்டுக்குப் பேசும். தீடா வரப்பில் ஏறியதும் பேச்சு நின்றது.

"ஏன்டி, என்னைப் பாத்ததும் வாயைக் கட்டிட்டீங்க?"

பக்கத்து வயல்காரி கதிரைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒண்ணுமில்லை. உன் வீட்டுக்காரனுக்குத்தான் காது நீளமாச்சே. இங்க பேசுறது கடை வரைக்கும் கேட்டுடப் போகுது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அது வேறு மாதிரிச் சிரிப்பு.

விவகாரம் தீடாவுக்கு உடனே புரிந்தது. ஆற்றுத் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் உப்பாகி வயலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கரை கட்டினால் நெல் பிழைக்கும். ஆளும் ஆரஞ்சுக் கட்சி கட்டித் தருகிறேன் என்றது. சும்மா இல்லை. கட்சியின் பெண்கள் தலைவி ஜைனபா, எங்கள் பேச்சில் யாய் கொம்பின், ஊர்ப் பெண்களையெல்லாம் பள்ளிவாசல் முற்றத்தில் உட்காரவைத்து, வேதத்தின் மேல் கை வைத்து 'என் கோலி ஆரஞ்சுக்கு' என்று சத்தியம் வாங்கியிருந்தாள். தீடாவும் கை வைத்தாள். எல்லோரும் வைத்தார்கள்.

வைத்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே பெண்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். முறிந்த சத்தியத்தை நோன்பு இருந்து கழித்துக்கொள்ளலாம். ஆண்டவனுக்குத் தெரிந்தால் சமாளித்துக்கொள்ளலாம். ஜைனபாவுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

இப்போது குறுக்கே அன்சுவின் காது வந்து உட்கார்ந்துவிட்டது.

அன்று மத்தியானம் தீடா வேர்க்கடலைக் குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றித் தட்டை அவன் முன்னால் நகர்த்தினாள். நகர்த்திய வேகத்தில் குழம்பு பாயில் சிந்தியது.

"கடையில என்ன உளறின?"

"வாலியோட சும்மா ஒரு பேச்சு."

"உனக்கு நிஜமாவே கேக்குமா?"

"கேக்காது. ரெண்டும் ஒரே சத்தம்தான். ஆளு உள்ள போனா நான் வெளியில துணி கிழிச்சுக்கிட்டு இருப்பேன்."

"அப்ப போய்ச் சொல்லு. ஒவ்வொரு வீடாப் போய், நான் புளுகினேன்னு சொல்லு."

"சொல்றேன். ஆமா, நீ எதுல போடப் போற?"

தீடா பாயில் சிந்திய குழம்பைத் துடைத்தாள். "கட்டின பொண்டாட்டி வாயால கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்னா, உன் காது லட்சணம் எனக்குப் புரிஞ்சு போச்சு. சாப்பிடு."

*

அன்சு வீடு வீடாகப் போனான். சொன்னான். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. வாசலைத் தாண்டியதும் உள்ளே குரல் தணிவது அவனுக்கே கேட்டது.

வாலிக்கு மனசு கேட்கவில்லை. இதெல்லாம் தன்னால் வந்தது என்று சந்தை நடுவில் மீன் கூடையை இறக்கிவைத்துக் கத்தினான்.

"கேட்டுக்கங்க. இந்த அன்சுவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவன் செவிடு. கழுதை வந்து காதுகிட்ட கத்தினாலும் கேக்காது. நான் ஊதான்னு ஊருக்கே தெரியும், அதைத்தான் அவன் சொன்னான்."

சந்தை விழுந்து விழுந்து சிரித்தது. செரேர்க்காரன் ஜோலாக்காரனைச் செவிடு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வான்? பதிலுக்குப் பதில் அன்சு வையவில்லையே என்பதுதான் அவர்கள் குறை. அவனுக்காகப் பேச ஊரில் இருந்தது ஒரே சாட்சி. அந்தச் சாட்சி உண்மை சொன்னாலும் விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கே ஜைனபா வந்தாள். ஆரஞ்சுத் தலைப்பாகை, ஆரஞ்சு அங்கி, வாசனை. கட்சி வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தே வந்து, தலைகீழாகக் கவிழ்த்திருந்த சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அன்சு, தம்பி, உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன் அக்கா."

"வீடு எப்படி? பிள்ளைங்க எப்படி? அறுப்பு எப்படி?"

"எல்லாம் ஆண்டவன் புண்ணியம்."

"காது எப்படி?"

அன்சு ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அக்கா, அது டீக்கடைப் பேச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நல்லதாப் போச்சு. தெரியும்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்." சக்கரத்தை விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். "இந்தக் கடை நிக்குற இடம் யாரோடது?"

"ஊர்த்தலைவரோடது."

"ஊர்த்தலைவர் யாரோட ஆளு?"

"உங்க ஆளு."

"பாத்தியா. காது மட்டுமில்லை, புத்தியும் நல்லாத்தான் இருக்கு." சக்கரம் நின்றதும் அவள் குரலும் மாறியது. "தேர்தல் அன்னைக்கு எப்பவும்போல வாசல்ல உக்காரு. நான் எதிர்ல மாமரத்தடியில இருப்பேன். பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வெளிய வருவாங்க. எவ மாத்திப் போட்டாளோ, அவ வர்றப்போ நீ வாயே திறக்க வேணாம். இருமு. அது போதும். இந்தக் காத்துக்கு ஊரே இருமுது, எவனுக்குத் தெரியும்?"

"இருமினா?"

"கரை கட்டுறவங்க நூல் பிடிக்கிறப்போ அவ வயல் கரைக்கு வெளிய போயிடும். உப்புப் பக்கம்."

"நான் இருமலேன்னா?"

"தம்பி, இத்தனை பொம்பளைங்கள்ல ஒருத்திகூட மாத்திப் போட மாட்டான்னு நம்புற அளவுக்கு நான் நல்லவ இல்லை. யாருக்குமே இருமலேன்னா, உன் வீட்டுக்காரிக்காகத்தான் மறைக்கிறேன்னு எடுத்துப்பேன். முதல்ல அவ வயலு. அப்புறம் இந்தத் தகரம்."

பாக்குபோல மெல்லுகிற கோலாக் கொட்டைகளை முடிந்த பொட்டலம் ஒன்றைக் கருவிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு நடந்தாள். பெரியவர்கள் கொடுக்கும் கோலாவைத் திருப்பிக் கொடுக்க முடியாது. வைத்துக்கொண்டால் சம்மதம். அன்சு அதைத் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்தான். தொடாவிட்டாலும் அது அவன் பெட்டியின் மேல்தான் இருந்தது.

*

தீடாவின் அண்ணன் லாந்திங் ஊதாக் கட்சியின் ஊர்ப் பொறுப்பாளன். இருமல் ஏற்பாடு எப்படியோ ஊருக்குள் கசிந்துவிட்டிருந்தது. அடுத்து அவன் வந்தான். குந்தி உட்கார்ந்து, நீட்டின தேநீரைக்கூட வாங்காமல் பேசினான்.

"மச்சான், நீ அன்னைக்கு வாசலுக்குப் போகாத."

"போகலேன்னா கடை போயிடும்."

"போனா நம்ம பொம்பளைங்க பயந்து ஆரஞ்சுல போட்டுட்டு வந்துடுவாங்க. உன் மூஞ்சியைப் பாத்தாலே போதும். நீ மட்டும் இருமினா, எங்க ஆளுங்களை என்னால பிடிச்சு நிறுத்த முடியாது. தங்கச்சி புருஷன்னுகூடப் பாக்க மாட்டாங்க."

"எனக்குக் கேக்காதுடா. உன் தங்கச்சி மேல ஆணை."

"சரி, சரி." லாந்திங் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அப்படிப் போறதாவே இருந்தா, ஒண்ணு மட்டும். அந்தக் கசாப்புக்காரன் நம்ம கட்சின்னு சொல்லிக்கிட்டுத் திரியுறான். அவன் கோலி எதுல விழுதுன்னு மட்டும் எனக்குச் சொல்லிடு."

அன்சுவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தான். ஊரார் முன்னால் சோதனை வைத்துக்கொள்வது. தோற்றுக் காட்டுவது.

ஊர்கூடும் பெரிய மரத்தடியில் சாயங்காலம் சோதனை நடந்தது. பாய்க்குப் பின்னால் வாலி இரண்டு சைக்கிள் மணிகளோடு உட்கார்ந்தான். ஒன்று புதுசு; ஒன்று துருப்பிடித்தது. அன்சு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஜைனபாவும் வந்திருந்தாள்.

மணி அடித்தது. புதுசு. அன்சுவுக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டும் அவனே எண்ணெய் போட்ட மணி. "பழசு" என்றான்.

அடுத்தது பழசு. "புதுசு" என்றான்.

வாலி மாற்றி மாற்றி அடித்தான். அன்சு மாற்றி மாற்றிச் சொன்னான். ஒன்றுகூடச் சரியில்லை. கடைசியில் எழுந்து, உடுப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, இப்போதாவது நம்புவீர்களா என்பதுபோல எல்லோரையும் பார்த்தான்.

ஜைனபா மட்டும் கைதட்டினாள்.

"குத்துமதிப்பா சொல்றவன் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலும் பாதி சரியா வரும். ஒண்ணுகூடச் சரியா வரக் கூடாதுன்னா, எல்லாம் தெரிஞ்சிருக்கணும். இல்லையா?"

கூட்டத்தில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி.

"பாதி சரியாச் சொல்லியிருக்கக் கூடாதா அரிசிப்பானை" என்றான் வாலி, பாயைச் சுருட்டியபடி. அது திட்டே இல்லை. சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"படகைக் கட்டி வெச்சிருக்கேன். எல்லைக்கு அந்தப் பக்கம், கசமான்ஸ்ல எங்க அத்தை வீடு இருக்கு. தேர்தல் முடியுற வரைக்கும் மீன் தின்னுக்கிட்டு இரு."

தீடா மறுத்தாள். "ஓடினா, தெரிஞ்சுதான் ஓடினான்னு ஆகும். அது மட்டுமில்லை. இவன் இல்லேன்னா ஜைனபா தனக்கு ஆகாதவ பேரையெல்லாம் சொல்லி, அன்சு சொல்லிட்டுத்தான் போனான்னு முடிச்சிடுவா. இருந்தா இவன் வாய் இவன்கிட்ட இருக்கும். போயிட்டா அதுவும் அவகிட்ட போயிடும்."

ஆகவே அன்சு இருந்தான்.

*

தேர்தல் அன்று காலை குளிர் எலும்பில் ஏறியது. விடியும் முன்பே வந்தவர்கள் இடம்பிடிக்க வரிசையில் ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டு வெயிலுக்காகச் சுவரோரம் ஒதுங்கியிருந்தார்கள். பெண்கள் வரிசை தனி, ஆண்கள் வரிசை தனி. அன்சு வாசலில் கந்தல் துணி மூட்டையோடு உட்கார்ந்தான். எதிரே மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் ஜைனபா.

அவன் எல்லாம் யோசித்துவைத்திருந்தான். தலையைத் தூக்கக் கூடாது. மணியைப் பார், துணியைப் பார், முடிச்சைப் பார். முக்கியமாக, இருமக் கூடாது.

புழுதிக் காற்று அவன் யோசனையைக் கேட்டுக்கொண்டா வீசும்? தொண்டையில் சிலந்தி ஊர்வதுபோல இருந்தது. எச்சிலை விழுங்கினான். தண்ணீர் குடித்தான். ஒவ்வொரு பெண்ணும் வெளியே வரும்போது மூச்சையே பிடித்துக்கொண்டான். அவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் போகவில்லை. மை வைத்த விரலை நீட்டிப் பிடித்துக்கொண்டு, சந்தையில் கசாப்புக்காரனின் தராசைப் பார்ப்பதுபோல, அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

டிங். டிங். டிங். எல்லாம் ஒன்றுதான். அவன் சொன்ன உண்மை உண்மையாகவே இருந்தது. அதில் ஒரு நிம்மதி.

வெயில் ஏறியதும் காற்று பட்டென்று நின்றது.

அப்போதுதான் கேட்டது.

ஒரு 'டிங்' சுத்தமாக விழுந்து நின்றது. அடுத்தது விழுந்தபின் ஒரு சின்ன நடுக்கம், ஈ பறப்பதுபோல 'ஸ்ஸ்' என்று. அன்சு துணிக்கு முடிச்சுப் போடுவதை நிறுத்தினான். மறைப்புக்கு அந்தப் பக்கம் வகுப்பறையின் தடுப்பு ஒரு தகரம். ஒரு பீப்பாய் அந்தத் தகரத்தை ஒட்டி நிற்கிறதுபோல. மணி அடித்தால் தகரம் கூடவே முனகுகிறது. காற்று இருந்தவரை கூரைச் சத்தத்தில் அது அமுங்கிக் கிடந்திருக்கிறது.

மனப்பிரமை என்று சொல்லிக்கொண்டான்.

லாந்திங் உள்ளே போனான். ஊதாக் கட்சியின் உயிர். அவன் கோலி எங்கே விழும் என்று கேட்கவே வேண்டாம். சுத்தமான 'டிங்'. அடுத்து ஊர்த்தலைவர். ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றச் சொன்னதற்கே சண்டை பிடித்த மனிதர். டிங், பின்னாலேயே 'ஸ்ஸ்'.

பிரமை இல்லை.

கசாப்புக்காரன் போனான். 'ஸ்ஸ்'. அன்சு வேண்டுமென்று கேட்கவில்லை. ஆனால் காது கதவு இல்லையே, சாத்திவைக்க. பெண்கள் வரிசை நகர்ந்தது. பக்கத்து வயல்காரி: சுத்தம். அவளுக்குப் பின்னால் வந்தவள்: சுத்தம். அவளுக்கும் பின்னால்: 'ஸ்ஸ்'. ஒவ்வொரு சத்தமும் ஒரு முகத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. அவன் கேட்காமலே ஊர் அவன் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அவன் முதுகில் வேர்வை வழிந்தது. எதிரே ஜைனபா நாற்காலியில் கொஞ்சம் முன்னால் சரிந்து உட்கார்ந்தாள். அவன் முகத்தில் ஏதோ மாறியிருக்க வேண்டும்.

தீடா கோலியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் மறைப்புத் துணியைத் தூக்குவதை அன்சு பார்த்தான். அடுத்த நொடி என்ன செய்தான் என்பது செய்தபிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. கந்தல் துணிகள் மண்ணில் கிடந்தன. இரண்டு உள்ளங்கைகளும் அவன் காதுகளை அழுத்திக்கொண்டிருந்தன. கண்ணையும் இறுக மூடியிருந்தான்.

வரிசை முழுக்கப் பார்த்தது. மாமரத்தடி முழுக்கப் பார்த்தது.

தெரியாதவன் எதற்குக் காதைப் பொத்துகிறான்?

ஜைனபா வாய்விட்டுச் சிரித்தாள். "இப்பச் சொல்லச் சொல்லுங்கடி, தெரியாதுன்னு."

வரிசையில் முன்னால் நின்றவள் குனிந்து தன் கல்லை எடுத்தாள். எடுத்துக்கொண்டு ஒதுங்கினாள். அடுத்தவளும் எடுத்தாள். மாற்றிப் போட்டால் வயல் போகும். போடாமல் போனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வரிசை கலையத் தொடங்கியது.

தீடா வெளியே வந்தபோது கண்டது இதைத்தான். கலைகிற பெண்கள், சிரிக்கிற ஜைனபா, காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருக்கிற புருஷன். அவன் முன்னால் குந்தி, ஒரு கையைப் பிடித்து இழுத்தாள்.

"கேக்க ஆரம்பிச்சிருச்சா?"

அவன் கண்ணைத் திறந்து, ஆமாம் என்று தலையசைத்தான்.

"நான் எதுல போட்டேன்?"

"தெரியாது. கேக்கலை."

தீடா அவன் கண்ணையே பார்த்தாள். எத்தனையோ நாளாக அவன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த அதே வார்த்தை. அவள் அதை அப்படியே நம்பினாள். அந்தக் கையைத் திரும்பவும் அவன் காதின் மேலேயே வைத்து அழுத்தினாள்.

"எடுக்காத. கடைசிப் பொம்பளை போட்டுட்டு வர்ற வரைக்கும் எடுக்காத."

எழுந்து வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கல்லை வைங்கடி. இவனுக்கு இப்ப ஒண்ணும் கேக்காது."

"யாருக்குத் தெரியும்?" என்றாள் பக்கத்து வயல்காரி. அவள் போட்டுவிட்டுப் போகாமல் சுவரோரம் நின்றிருந்தாள். "பொத்துற மாதிரி நடிச்சா?"

ஆண்கள் வரிசையிலிருந்து வாலி வெளியே வந்தான். தன் முறைக்கு இன்னும் இரண்டே பேர்தான். இடம் போனாலும் போகட்டும் என்று அன்சுவின் பின்னால் வந்து நின்று, ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற குரலில் ஆரம்பித்தான்.

"டேய் அரிசிப்பானை. டேய் என் அடிமையே. உங்க தாத்தன் எங்க வீட்டுக் கருவாட்டைத் திருடித் தின்னுட்டு வயித்தால போயிச் செத்தான். உங்க பரம்பரையில ஒருத்தனாவது குளிச்சிருக்கானாடா? உன் பொண்டாட்டியை நானே கட்டியிருக்கணும், பாவம் அவ கண்ணு மங்கல்."

எந்த ஜோலாக்காரனும் இதற்குச் சும்மா இருக்க மாட்டான். தூங்கினாலும் எழுந்து பதில் சொல்வான். பெண்கள் அன்சுவின் முகத்தைப் பார்த்தார்கள். உதடு அசையவில்லை. புருவம் அசையவில்லை. கையை அழுத்திக்கொண்டு, மாட்டைப்போல எதிரே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் இருமல் வந்து இருமினான். அது யாருக்காகவும் இல்லை, புழுதிக்காக.

ஒருத்தி கல்லைக் கீழே வைத்தாள். "போதும் வாலி, விடு. அவனுக்கு நிஜமாவே கேக்கலை."

"இன்னும் இருக்கு, சொல்லி முடிச்சிடுறேனே. இந்த மாதிரிச் சந்தர்ப்பம் எனக்கு எப்பக் கிடைக்கும்?"

வரிசை மறுபடி கூடியது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவன் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள், வரும்போதும் கையைப் பார்த்தார்கள். சைக்கிள் மணிகளுக்குத் தீடா துணி கட்டினாள். அவள் போட்ட முடிச்சு அவனுடையதைவிட இறுக்கமாகவே இருந்தது.

ஜைனபா நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். அன்சுவின் முன்னால் நின்று பேசினாள். குனிந்து பேசினாள். விரலை ஆட்டிப் பேசினாள். அவள் உதடு அசைவதும், பல்லில் கோலாக் கறை தெரிவதும்தான் அவனுக்குத் தெரிந்தது. காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம், அவ்வளவுதான். அவள் திரும்பி ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் இருவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அவர்கள் சாலைப் பக்கம் போனார்கள்.

முழங்கைகள் முதலில் வலித்தன. பிறகு தோள். பிறகு வலி எங்கே என்றே தெரியவில்லை. வெயில் அவன் தலைக்கு மேலிருந்து முகத்துக்கு இறங்கியது.

அந்த இருவரும் சாலை வழியாகத் திரும்பி வந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் ஓரத்தில் பஞ்சர் பசை காய்ந்து கறுத்த கறை. பின்னால் ஒருவன் நான்கு கம்புகளையும் ஒன்றாகக் கட்டித் தோளில் வைத்திருந்தான். பள்ளிக்கூட வாசலுக்கு நேரே வந்ததும், அவன் பார்க்கட்டும் என்று, மெதுவாக நடந்தார்கள்.

தீடாவும் பார்த்தாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

பெண்கள் வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். கூடையோடு ஒருத்தி, பிள்ளையோடு ஒருத்தி, வயலிலிருந்து நேரே வந்த சேற்றுக் காலோடு இரண்டு மூன்று பேர். அன்சுவின் முழங்கைகள் கீழே சரிந்தன. முன்னால் இருந்தவள் தன் கல்லைத் தாண்டிக் காலை எடுத்து வைக்காமல், அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்சு தகரத்திலிருந்து கண்ணை எடுத்தான். காதை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, உள்ளே போ என்று அவளுக்குத் தலையை ஆட்டினான்.